ஏழு மணி சுவிட்ச்

ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அப்பால் உள்ள சீனர் புதுக்கிராமத்து வீட்டுக்கு அடுத்த மாதம் ஒரு இளம் மிஷனரிக் குடும்பம் குடிபோகிறது. பதினாறு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள் நான். "அக்கா, ஒங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன், அவங்களுக்கு ஒதவியா இருக்கும்" என்று ஈப்போ சபை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். இரண்டு பக்கத்தில் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

என் கணவர் பாஸ்டர் தேவராஜ். போன வருஷம் அவர் ஓய்வு பெற்றபோது அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், எனக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். பூங்கொத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மிஷனரி வேலையில் பாதி பிரசங்க மேடையில் நடக்கிறது என்றால் மீதிப் பாதி வீட்டு ஹாலில் நடக்கிறது. மேடைப் பாதியை அவர் எழுதட்டும். ஹாலைப் பற்றி நான் எழுதுகிறேன்.

1. ஐந்தாவது வீடு

மிஷனரி வேலைக்குப் போகிறவர்களை முதலில் மொழி படிக்கச் சொல்வார்கள். இவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆயர் தாவாரில் பிறந்து சீனப் பள்ளியில் படித்தவர். மெண்டரினில் கனவு காண்பார், கோபம் வந்தால் மட்டும் தமிழ். நான்தான் புந்தோங்கில் வளர்ந்த தமிழ்ப்பள்ளிக்காரி. இரண்டு வருஷம் மாலை வகுப்புக்குப் போய், அந்தப் பக்கத்துச் சீனர் பேசும் கான்டனீஸ் படித்தேன். வீடு கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று நாங்கள் பார்க்கப் போனது ஐந்தாவது வீடு. அதற்கு முன் பார்த்த வீடுகளில், போனில் இவருடைய மெண்டரினைக் கேட்டு வரச் சொன்னவர்கள், நேரில் எங்கள் முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்கு நேற்றே ஆள் வந்துவிட்டது என்றார்கள். நாலு வீட்டுக்கும் நேற்றே ஆள் வந்திருந்தது.

ஐந்தாவது வீட்டின் சொந்தக்காரர் கேட்டுக்கு உள்ளே நின்றார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான சீனப் பெண், பூப்போட்ட சட்டை, கையில் துடைப்பம். நான் படித்து வந்த கான்டனீஸ் முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"என்னா பேசறே நீ? தமிழ்ல சொல்லு, எனக்கு வேல இருக்கு" என்றார்.

அவர்தான் ஆ மூய். கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். மூய் அக்கா லயத்து வீடுகளில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி, பிறகு அவர்களோடு பால்மரமும் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை எடுத்துவிட்டுச் செம்பனை நட்டதும் கல்யாணமாகி இங்கே வந்தார். அவருடைய தமிழில் என் தமிழைவிட தோட்டத்து வாசனை அதிகம். இரண்டு வருஷ மாலை வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது.

வீட்டை உடனே கொடுக்கச் சம்மதித்தார். "தமிழாளுதானே, எனக்குத் தெரியாதா? சுத்தமா வச்சுக்க" என்றார். அப்புறம் முற்றத்து ஓரத்தைக் காட்டினார். மாமரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு சிறு கோயில். உள்ளே மலாய்க்காரர்களின் சொங்கோக் தொப்பி அணிந்த தாடிக்காரப் பெரியவரின் சிலை, தலைக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் டத்தோ கோங். அந்த மண்ணின் காவல்காரர் என்று சீனர்கள் கும்பிடுகிறார்கள். அவரை மலாய்க்காரர் என்று நினைப்பதால் அவரிடம் மலாயில்தான் பேசுவார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் சோறு எல்லாம் வைப்பார்கள். பன்றி இறைச்சி மட்டும் அவர் பக்கமே வரக்கூடாது. இதை முதல் நாளே மூய் அக்கா எனக்குச் சொன்னார். தெரியாது என்று நான் சொல்ல முடியாது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

"காலையில ஊதுபத்தி நான் வந்து கொளுத்துவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு டான்னு இந்த லைட்ட மட்டும் நீ போட்டுரு. சுவிட்சு உள்ள ஹால்ல இருக்கு."

"அக்கா, நாங்க கிறிஸ்தவங்க. டத்தோவுக்கு வெளக்கு போட எங்களால முடியாது."

"வெளக்கு யாரு போடச் சொன்னா? சுவிட்சதானே போடச் சொன்னேன்."

இவர் என் முழங்கையை இடித்தார். இவருக்கு சுவிட்ச் என்றால் சுவிட்ச், அவ்வளவுதான். ஐந்தாவது வீடும் கைநழுவப் போகிறதே என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் தினமும் ஒரு சாமிக்கு நேரம் பார்த்து விளக்குப் போடுவது என் மனசுக்கு வழிபாடாகத்தான் பட்டது. நான் பிடிவாதக்காரி, அதை மறைத்துப் பயனில்லை. முடியாது என்றே நின்றேன்.

"சுவிட்ச வெளிய மாத்திக் குடுக்கட்டுமா அக்கா?" என்றார் இவர்.

"அது என் புருசன் கையால வச்ச சுவிட்சு. அவரு செத்து நாலு வருசம் ஆச்சு. யாரும் தொடக்கூடாது." துடைப்பத்தை ஊன்றிக்கொண்டார். "சரி விடு. நானே ஏழு மணிக்கு வந்து போடறேன்லா. கேட்டு சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கும்."

ஒப்பந்தம் அப்படி முடிந்தது. என் மனசாட்சியைக் காப்பாற்றிய திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். பதினாறு வருஷத்துக்கு ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுச் சொந்தக்காரரை என் ஹாலுக்குள் வரவழைத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

2. பெரட்டு

தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். மூய் அக்கா தம்முடைய ஏழு மணி வருகைக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார். அடுத்த தெருவில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் மெல்பர்னில். காலையில் மார்க்கெட்டில் சீ சியோங் ஃபன் கடை. அரிசி மாவுத் தாளைச் சுருட்டி வெட்டி, சாறு ஊற்றிக் கொடுக்கிற பலகாரம். சாயங்காலம் எங்கள் வீட்டில் பெரட்டு.

கேட் திறக்கும். செருப்பு கழலும். சுவிட்ச் 'டிக்' என்னும். அப்புறம் பார்வை ஹாலைச் சுற்றும். தரை துடைக்கிற மாப்பு ஈரமாக இருந்தால் ஒரு வார்த்தை, சமையலறையில் கருகல் வாசம் வந்தால் ஒரு வார்த்தை. நான் கோப்பி கலந்து கொடுப்பேன். "இது கோப்பியா, கழனித் தண்ணியா?" என்பார். முழுதாகக் குடித்துவிட்டுத்தான் போவார்.

முதல் சீனப் புத்தாண்டுக்கு நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கிறிஸ்தவர்களுக்குப் பண்டிகை நாள் என்றால் வெள்ளைப் புடவை. சர்ச்சுக்கு நற்கருணை எடுக்கப் போகும் புடவை, சரிகைக் கரை, நல்ல இஸ்திரி. அதைக் கட்டிக்கொண்டு, மகள் ஜெனிக்கும் வெள்ளைக் கவுன் போட்டு, ஆரஞ்சுப் பழங்களோடு வாழ்த்துச் சொல்லக் கிளம்பினேன். இவர் ஈப்போவுக்குப் போயிருந்ததால் பார்க்கவில்லை. மூய் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றோம்.

"யாரு செத்தா?" என்றார்.

அவர்களுக்கு வெள்ளை துக்கத்தின் நிறம். தரதரவென்று என்னைப் பின்வாசல் வழியாக உள்ளே இழுத்துப் போய், தம்முடைய சிவப்புச் சட்டை ஒன்றைப் போடச் சொன்னார். அது எனக்கு முழங்கைவரைதான் ஏறியது. கடைசியில் ஒரு சிவப்பு மேசைத் துணியைத் துப்பட்டா மாதிரிப் போர்த்திக்கொண்டு அந்தத் தெரு முழுக்க வாழ்த்துச் சொன்னேன். ஜெனி தலையில் ஒரு சிவப்பு ரிப்பன். தெருவே சிரித்தது. அதற்கு முன் எங்களைப் பார்த்தால் கதவைச் சாத்தியவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே வரச் சொன்னார்கள்.

சனிக்கிழமை ஹோம்வொர்க் கிளாஸ் தொடங்கியதும் மூய் அக்காவால்தான். நாங்கள் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தோம், ஒரு பிள்ளையும் வரவில்லை. அவர் மார்க்கெட்டில் பலகாரம் வெட்டிக்கொண்டே தாய்மார்களிடம் சொன்னார்: "அந்தக் கறுப்புப் பொம்பள வாயாடி, ஆனா புள்ளைங்கள நல்லாப் பாத்துக்குவா. அனுப்பு." இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொல்லிக் காட்டினார். அடுத்த சனிக்கிழமை ஹாலில் பதினெட்டுப் பிள்ளைகள். ஜெனிக்கு டெங்கு வந்து நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் வகுப்பு நிற்கவில்லை. மூய் அக்கா ஒரு பிரம்பை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பாடம் என்னவோ அவருக்குத் தெரியாது.

மாதா மாதம் சபைக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அதில் 'உள்ளூர் ஆதரவாளர்கள்' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் ஒவ்வொரு மாதமும் 'திருமதி மூய்' என்று எழுதினேன். அவர் டத்தோவைக் கும்பிடுகிறவர் என்பதை எழுதவில்லை. எங்கள் முற்றத்தில் அப்படி ஒரு கோயில் இருப்பதையும் எழுதவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

3. கிறிஸ்மஸ் மேசை

ஆறாவது வருஷம் சபையின் தலைமைப் பாஸ்டர் கிறிஸ்மஸுக்கு ஊரையே அழைத்து நாங்கள் வைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருவதாகச் சொன்னார். வெளியூரிலிருந்து இரண்டு விருந்தினர்களும் வருகிறார்கள். போட்டோ எடுப்பார்கள், சபைப் பத்திரிகையில் வரும்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கேட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது டத்தோவின் சிவப்புக் கோயில். மிஷனரி வீட்டு முற்றத்தில் இது என்ன என்று கேட்டால்? ஆறு வருஷமாக ஏன் எழுதவில்லை என்று கேட்டால்?

"இருக்கறத இருக்கறபடி காட்டுவோம் எஸ்தர். கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார் இவர்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

முற்றத்தில் கெனோப்பிப் பந்தல் போட்டோம். பஃபே மேசைகளில் நீளமானதை நான்தான் இழுத்து மாமரத்தடியில் சேர்த்துப் போட்டேன். பெரிய வெள்ளைத் துணியை மேசையிலிருந்து கோயில்மேலும் இழுத்து மூடி, ஓரத்தில் காகித நட்சத்திரங்கள் ஒட்டினேன். பார்த்தால் மேசைக்குப் பின்னால் ஏதோ அலங்காரம் மாதிரி இருந்தது. கோயில் தெரியவே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் சீன விசுவாசிகள் ஆளுக்கொரு சாப்பாட்டோடு வந்தார்கள். ஒருவர் தட்டு நிறைய சியூ யோக் கொண்டுவந்தார். தோல் மொறுமொறுவென்று வறுத்த பன்றி இறைச்சி. எங்கே வைக்க என்று கேட்டார். நீள மேசையின் நடுவைக் காட்டினேன். மேசைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மூடிவிட்டால் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

மூய் அக்கா மூன்று மணிக்கு வந்தார். கையில் ஒரு பெரிய டிரே சீ சியோங் ஃபன். எங்கள் விருந்துக்காக அன்று கடையைச் சீக்கிரம் மூடியிருந்தார். நேராக மேசைக்கு வந்து டிரேயை வைக்க இடம் பார்த்தார். இறைச்சித் தட்டைப் பார்த்தார். நட்சத்திரம் ஒட்டிய துணியைப் பார்த்தார். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கி உள்ளே பார்த்தார்.

துணியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலைமைப் பாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றேன். டிரேயை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். போட்டோக்கள் எல்லாம் நன்றாக வந்திருந்தன.

அன்று ஏழு மணிக்குப் பெரட்டு இல்லை. மழையிலும் வெள்ளத்திலும் நிற்காத பெரட்டு அன்றைக்கு நின்றது. துணியை எடுத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். கோயில் இருட்டாக இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகச் செய்தி வந்தது. சீனப் புத்தாண்டு முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். மூன்றாம் நாள் மார்க்கெட்டில் மூய் அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. டத்தோவின் கோபத்தால்தான் விழுந்தார் என்பதில் கிராமத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஹோம்வொர்க் கிளாஸுக்கு இரண்டே பிள்ளைகள் வந்தார்கள். பாதியில் அவர்களையும் அம்மா வந்து அழைத்துக்கொண்டு போனார்.

தலைமைப் பாஸ்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லதாப் போச்சு சிஸ்டர். அந்தக் கோயில் இல்லாத வீடா பாருங்க" என்றார். வீடு வேறு கிடைத்தாலும் கிடைக்கும். ஆறு வருஷம் எங்களுக்காக ஊரிடம் பரிந்து பேசிய ஒரு மனுஷி வேறு கிடைப்பாரா? அது அவருக்குத் தெரிய நியாயமில்லை. ரிப்போர்ட்டில் பெயருக்கு மேல் நான் ஏதாவது எழுதியிருந்தால்தானே.

4. பக்கத்தில் நிற்பது

"நான் போய்ப் பேசட்டுமா?" என்றார் இவர்.

"வேணாம். மேசையைப் போட்டது நான்."

காலையில் மார்க்கெட்டுக்குப் போனேன். மூய் அக்கா கட்டுப் போட்ட கையோடு, மற்றக் கையால் வெட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் நாலு பேர். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"தப்பு செஞ்சிட்டேன் அக்கா. மன்னிச்சிருங்க."

"எனக்கு என்னா? நானும் பன்னி திங்கறவதான்." கத்தி நிற்கவில்லை. "அவர மூடி வச்சே. அவரு மூஞ்சிக்கு நேரா பன்னிய வச்சே. அவருகிட்டப் போய்ச் சொல்லு."

"இன்னிக்கி ஏழு மணிக்கு வாரீங்களா அக்கா?"

அவர் எனக்குப் பின்னால் நின்றவரிடம் எத்தனை பொட்டலம் என்று கேட்டார்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. நான் நம்பாத ஒருவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? ஊதுபத்தியைப் பிடித்து ஒரு கும்பிடு போட்டால் வீடு தங்கும், பிள்ளைகள் வருவார்கள், கிராமம் தங்கும். இரண்டு நிமிட வேலை. ஆனால் மேசைத் துணியால் மூடியதும் அதே மாதிரி இரண்டு நிமிட வேலைதான். ஒரு பொய்யைச் சரிசெய்ய இன்னொரு பொய்யா? இவரிடம் கேட்டேன். "நீ எது செஞ்சாலும் நான் ஒன்கூட நிக்கறேன்" என்றார். உபயோகமில்லாத பதில் என்று அப்போது எரிச்சலாக வந்தது. பிற்பாடு யோசித்தால் எனக்கு வழி காட்டியதே அந்தப் பதில்தான்.

ஏழு மணிக்கு கேட் திறந்தது. மூய் அக்கா உள்ளே வரவில்லை, நேராக மாமரத்தடிக்குப் போனார். பக்கத்து வீட்டு வேலியோரம் ஏழெட்டுத் தலைகள். ஊதுபத்தி மூன்றைக் கொளுத்தி என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அக்கா, என்னால பிடிக்க முடியாது. சும்மா பிடிச்சா ஒங்களயும் ஏமாத்தறேன், என் சாமியயும் ஏமாத்தறேன். எனக்கு அவருகிட்டப் பேசத் தெரியாது. நீங்க பேசுங்க. தப்பு செஞ்சவ நான், பக்கத்துல நிக்கறேன். என்னா சொன்னாலும் கேட்டுக்கறேன்."

புகை அவர் முகத்துக்கு நேராக எழும்பிக்கொண்டிருந்தது. இத்தோடு வீடு போயிற்று என்றுதான் நினைத்தேன். பிறகு டத்தோவின் பக்கம் திரும்பி, மூன்று முறை தலை குனிந்து, மலாயில் ஆரம்பித்தார்.

"டத்தோ, மிந்தா மாஃப். டியா போடோ. தாப்பி தாக் ஜாஹாட்." மன்னிக்க வேண்டும் டத்தோ, இவள் முட்டாள், ஆனால் கெட்டவள் இல்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆறு வருஷப் பெரட்டில் சேர்த்து வைத்ததை எல்லாம் டத்தோவிடம் ஒப்பித்தார். மாப்பைப் பிழியத் தெரியாது. கோப்பி கழனி மாதிரி இருக்கும். குழம்பை அடிப்பிடிக்க விட்டுவிட்டு டெலிபோனில் ஜெபம் பண்ணுவாள். புத்தாண்டுக்குப் பிணத்துக்குக் கட்டுகிற துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். உள்பாவாடையை உங்களுக்கு நேராகக் காயப்போடுகிறாள், அதையே நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். வேலியோரத்தில் சிரிப்பை அடக்குவது கேட்டது. இவரும் சிரித்தார், நான் பார்த்தேன். நான் கையைக் கட்டியபடி நின்று எல்லாவற்றையும் கேட்டேன். முகம் எரிந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டார். இவள் உங்களைக் கும்பிட மாட்டாள் டத்தோ, பொய்யாகவும் கும்பிட மாட்டாள், விட்டுவிடுங்கள் என்றார்.

ஊதுபத்திகளைத் தாமே செருகிவிட்டு என்னிடம் திரும்பினார். "பன்னி எண்ணெ சிமெண்டுல சிந்திக் கெடக்கு பாரு. தேய்ச்சிக் கழுவ ஒன் சாமி விடுவாரா, மாட்டாரா?"

"விடுவாரு அக்கா."

"அப்ப தேய்."

வாளியும் பிரஷும் எடுத்து வந்து மண்டி போட்டுத் தேய்த்தேன். அழுக்காக்கியவள் நான், கழுவுவதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. தேய்த்து முடிப்பதற்குள் ஹாலுக்குள் 'டிக்' என்று கேட்டது. சிவப்பு பல்பு எரிந்தது.

"கோப்பி இல்லையா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வீட்டைக் காலி செய்வது பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். வாசலில் நின்று ஒருவன் மற்றவனிடம், "இவங்கதான் போடோ டீச்சர்" என்றான். அந்த மாத ரிப்போர்ட்டில் முற்றத்துக் கோயிலைப் பற்றியும் மேசைத் துணியைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினேன். தலைமைப் பாஸ்டர் நேரில் வந்தார். ஏழு மணிவரை இருந்தார். மூய் அக்கா வந்து சுவிட்சைப் போட்டு, கோப்பியைத் திட்டிக் குடித்து, அவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். வேறு வீடு பாருங்கள் என்று தலைமைப் பாஸ்டர் பிறகு சொல்லவில்லை.

5. ஸ்டூல்

மூன்று வருஷத்துக்கு முன் மூய் அக்காவுக்கு இதயத்தில் அடைப்பு. ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. மகள் மெல்பர்னிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் நான்தான் கட்டிலருகே இருந்தேன். கையிலே ஊசி, மேலே பச்சைப் போர்வை. துடைப்பம் இல்லாத மூய் அக்காவை அன்றுதான் பார்த்தேன். சின்னதாகிப் போயிருந்தார்.

பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவரிடம் ஏசுவைப் பற்றி வற்புறுத்திப் பேசியதில்லை. கேட்டால் சொல்வேன். "ஒன் சாமி ஒன்கிட்ட, என் சாமி என்கிட்ட" என்று முடித்துவிடுவார். மிஷனரிக்கு இது தோல்வியா என்று பல இரவு எனக்கே கேள்வி உண்டு.

"எஸ்தரு" என்றார். "பயமா இருக்குலா."

கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன் சாமிகிட்ட எனக்குப் பேசத் தெரியாது. நீ பேசு. நான் பக்கத்துல படுத்திருக்கேன்."

கண்ணை மூடித் தமிழில் ஆரம்பித்தேன். "ஆண்டவரே, இவங்க பேரு ஆ மூய். வாய் கொஞ்சம் நீளம். என் கோப்பிய பதினாலு வருசமா கழனின்னு சொல்லிக்கிட்டே குடிச்சிட்டாங்க. என் வீட்டுல நடந்ததுக்கெல்லாம் சாட்சி. கெட்டவங்க இல்ல. யாரும் வீடு குடுக்காத நேரத்துல எங்களுக்கு வீடு குடுத்தவங்க..."

"வாய் நீளம்னெல்லாம் சொல்லாத" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஆப்ரேசன் முடிஞ்சப்புறம் சொல்லிக்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்கு இருமல் வந்து நர்ஸ் ஓடி வந்து என்னைத் திட்டினார். ஆமென் சொல்ல மறந்துபோனேன். வெளியே வராந்தாவுக்குப் போய்ச் சொன்னேன்.

புறப்படும்போது கேட்டேன். "அக்கா, ஏழு மணிக்கு..."

"நீ போடாத. ஒனக்கு முடியாதுன்னு மொத நாளே சொல்லிட்டே. டத்தோ இருட்டுல இருந்துக்குவாரு. நான் வந்து போடறேன்."

நாலைந்து நாளில் வந்துவிடுவார் என்றார்கள், பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் ஏழு மணிக்குக் கேட்டைத் திறந்து வைத்தேன். அக்கம்பக்கத்தார் இருட்டுக் கோயிலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு பேர் தாங்கள் வந்து போடுவதாகச் சொன்னார்கள். அவர் வந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்று அவர்களை அனுப்பிவிட்டேன். அந்த சுவிட்ச் யார் கைக்காகக் காத்திருக்கிறதோ அந்தக் கை திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர வேறு ஜெபம் என் வாயில் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கார் வந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மூய் அக்கா இறங்கினார். கேட்டிலிருந்து ஹாலுக்கு வர நாலு இடத்தில் நின்றார். மாப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சுவிட்சில் விரலை வைத்தார். 'டிக்'.

ஒன்றும் எரியவில்லை. மறுபடி 'டிக்'. பல்பு ஃபியூஸ்.

அவர் முகம் சுருங்கியது. மகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நான் சமையலறைக்குப் போய் ஸ்டூலை எடுத்தேன். அலமாரியில் ஒரு புது சிவப்பு பல்பு இருந்தது. எதற்கு வாங்கி வைத்தேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மாமரத்தடியில் ஸ்டூலைப் போட்டு ஏறி, டத்தோவின் தலைக்கு மேல் கையை விட்டுப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன்.

"ஒன் சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்று வாசலில் இருந்து கேட்டார்.

"பல்புதானே அக்கா. சுவிட்ச நீங்க போடுங்க."

அவர் போட்டார். இறங்கியதும் கோப்பி கலந்தேன்.

இதுதான் நான் கற்றுக்கொண்டது. என்னால் முடியாததை முடியாது என்று முதல் நாளே சொன்னது சரி. வெட்கப்பட்டு மூடியதுதான் தப்பு. முடிந்ததைச் செய்வதற்கு ஒரு ஸ்டூல் போதுமாக இருந்தது.

இனி அந்த வீட்டுக்குப் போகிற உங்களுக்குச் சில விஷயங்கள். மூய் அக்கா ஏழு மணிக்கு வருவார், அதற்கு முன் நீங்கள் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். டிவியை சுவிட்ச் இருக்கும் சுவரோரம் வைக்காதீர்கள், அவருக்குக் கை எட்டாது. துணி காயப்போட பின்பக்கக் கம்பி இருக்கிறது. கோப்பியில் பால் குறைவாக, தூள் அதிகமாகப் போடுங்கள், எப்படியும் திட்டுவார். பல்பு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்டூல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.